பிப்ரவரி மாதத்து உப்பு

பிப்ரவரி 2, திங்கள்

தராசு உடையாமல் வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து சேந்தன்பட்டினம் வரை பதினோரு மணி நேரம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். குலுங்கக்கூடாதென்று பழைய போர்வையில் சுற்றியிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் விழுப்புரம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "கொழந்தைக்கு எத்தன மாசம்?" என்று கேட்டாள். "நாலு தசமம்" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்காக்கி, அதில் ஒரு பங்கு கூடினாலும் காட்டிக்கொடுத்துவிடும் தராசு இது. இருபத்திரண்டு வருஷம் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இதன் அக்காள் தங்கைகளோடுதான் குடித்தனம் நடத்தினேன். கல்லூரியை மூடிக் கல்யாண மண்டபமாக்கிவிட்டார்கள். நாற்பத்தேழு வயதில் இந்த ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது, ஜூன் வரைக்கும். முடிவு நன்றாக வந்தால் மூன்று வருஷம் நீட்டிப்பதாக டாக்டர் கோதண்டபாணி சொல்லியிருக்கிறார். அவர்தான் இந்த ஆய்வின் தலைவர். சென்னையில் இருப்பார், போனில் வருவார்.

வேலை சுலபம். ஊருக்கு வடக்கே ஒரு சிமென்ட் கம்பெனி இறங்குதுறை கட்டப்போகிறது. அதற்காகக் கடலடி மண்ணை வாரி, மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கடலிலேயே கொட்டுவார்கள். வாருவதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று நான் அளக்கவேண்டும். மே மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம். கலங்கல் கூடியிருந்தால் மண்ணை ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்க் கொட்டச் சொல்வார்கள். கூடவில்லை என்றால் இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே கொட்டுவார்கள்.

பிப்ரவரி 4, புதன்

நான் இருப்பது ஹபீப் மரைக்காயர் வீட்டு மாடி. ஓர் அறையில் நான், இன்னொன்றில் தராசு, உலர்த்தும் அடுப்பு, வடிகட்டும் பம்பு. மரைக்காயர் ஓய்வுபெற்ற தபால்காரர். சாயங்காலம் படியேறி வந்து, இல்லாத தூசியை வாசற்படியில் தட்டிக்கொண்டு நின்றார்.

"அம்மா, இன்வெர்ட்டர் பேட்டரி காஞ்சு கெடக்கு. நோன்பு வருது. சஹருக்கு எந்திரிக்கிற நேரம் பாத்துத்தான் இங்க கரண்டு போவும். ஒங்கள்ட்ட அந்த வடிச்ச தண்ணி கேன் இருக்கே."

ஐந்து லிட்டர் கேன். ஒன்றுதான் கையில் இருந்தது. பசியோடு இருட்டில் ஒரு மனிதர் சோற்றைத் தேடுவதை நினைத்துப் பார்த்தேன். தூக்கிக் கொடுத்துவிட்டேன். "அடுத்த வாரமே வாங்கித் தந்துர்றேன், இன்ஷா அல்லாஹ்" என்றார். சென்னைக்கும் புதிதாக நான்கு கேன் எழுதிப்போட்டேன். கடைத்தெருவில் பேட்டரிக் கடையில் கிடைக்குமாம். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரால் என் வடிதாளைக் கழுவுவதா? ஒரு தராதரம் வேண்டாமா?

பிப்ரவரி 6, வெள்ளி

முதல் பயணம். படகு தொபியாஸுடையது. நண்டு வலைக்காரர், வயது முப்பத்தைந்து இருக்கும், பேச்சு குறைவு. ஐந்து இடத்தில் தண்ணீர் எடுத்தோம். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அதை மாதிரிகளின் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாவது இடத்துக்குக் கீழே தாழை இருக்கிறது. கடலடியில் புல்வெளி போல நீண்டு கிடக்கும் செடி. நண்டு அங்கேதான் குஞ்சு பொரிக்குமாம். "வெளிச்சம் கீழ போனாத்தான் தாழ நிக்கும். சேறு மூடுனா ரெண்டு மாசத்துல அழுவிரும். தாழ போனா நண்டு போச்சு, நண்டு போனா நான் திருப்பூருக்குப் போக வேண்டியதுதான்" என்றார். அன்று அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது.

இன்னொரு சாமானும் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். கறுப்பும் வெள்ளையும் அடித்த ஒரு வட்டத் தட்டு. கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்கவேண்டும். இன்று 2 மீட்டர் 10. தொபியாஸ்தான் பார்த்துச் சொன்னார். எனக்குக் குனிந்தால் வயிறு புரளும். கண்ணால் அளப்பதெல்லாம் ஓர் அளவா? ஆளுக்கு ஆள் கண் மாறும். தராசுக்குக் கண் இல்லை, அதனால்தான் அது நியாயமாக இருக்கிறது.

சாயங்காலம் இடத்துக்கு அரை லிட்டர் வீதம் வடிகட்டினேன். மண் தாளில் தங்கியதும் காய்ச்சி வடித்த தண்ணீரால் மூன்று முறை கழுவவேண்டும் என்பது விதி. விதி எழுதியவர்கள் மரைக்காயர் மாடியில் குடியிருந்தவர்கள் இல்லை. மண்தான் தாளிலேயே இருக்கிறதே, எங்கே போய்விடும்? கழுவாமல் உலர்த்தினேன். எடை அழகாக வந்தது. லிட்டருக்கு 41 மில்லிகிராம்.

பிப்ரவரி 14, சனி

சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய், சேப்பங்கிழங்கு, ஒரு விளக்குமாறு.

தொபியாஸ் மனைவி பிலோமினா அங்கே கருவாடு விற்கிறாள். நான் சைவம். வந்த முதல் நாள் அவள் முற்றத்திலிருந்து வந்த வாசனையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தவள். இன்று மூக்கைப் பொத்தாமல் பத்து நிமிஷம் நின்று பார்த்தேன், அவள் எடை போடுகிற விதத்துக்காக. ஒவ்வொரு கருவாட்டையும் எடுத்து, இன்னொன்றோடு பட் பட்டென்று தட்டி, ஒட்டியிருக்கிற உப்பை உதிர்த்துவிட்டுத்தான் தட்டில் வைக்கிறாள். பக்கத்துக் கடைக்காரி தட்டவே இல்லை, அப்படியே அள்ளி வைக்கிறாள்.

"தட்டாமப் போட்டா கிலோவுக்கு நூறு கிராம் உப்பு ஏறிரும் டீச்சர். வாங்குறவுக வீட்டுல போய்க் கழுவுறப்பத்தான் தெரியும்" என்றாள் பிலோமினா. இந்த ஊரில் படித்த பெண் யாராக இருந்தாலும் டீச்சர்தான். நான் தண்ணி டீச்சர்.

நேர்மையான எடை. என் ஆய்வகத்தில் படித்த பிள்ளைகள் பாதிப் பேருக்கு இந்தப் புத்தி இருந்ததில்லை என்று அவளிடம் சொன்னேன். சிரித்தாள். வயது முப்பதுதான் இருக்கும். சிரிக்கும்போது இன்னும் குறைகிறது.

பிப்ரவரி 27, வெள்ளி

நாற்பது தாள் முடிந்தது. சராசரி 41. தட்டு சராசரி 2 மீட்டர். மரைக்காயர் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார், கறி போடாமல், எனக்காகத் தனியாகக் காய்ச்சியது. கேன் பற்றிப் பேச்சில்லை. கஞ்சி குடித்துவிட்டு எப்படிக் கேட்பது?

மார்ச் 16, திங்கள்

படகுத் தகராறு ஒன்றால் பதினைந்து நாள் கடலுக்குப் போகவில்லை. இன்று எல்லாம் சேர்ந்து வந்தது. காலையில் சென்னையிலிருந்து நான்கு கேன் தண்ணீர். மத்தியானம் மண் வாரும் கப்பல். பெரிய எருமை ஒன்று கடலில் படுத்துக்கொண்டு அசைபோடுவது போல இருக்கிறது. ஊரே கரையில் நின்று பார்த்தது. பிலோமினா மட்டும் பார்க்கவில்லை. கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இனி விதிப்படி மூன்று கழுவல். எனக்கும் மனசுக்கு நிம்மதி.

மார்ச் 30, திங்கள்

தட்டு 1 மீட்டர் 10. தராசு 39. பார்த்தீர்களா? தராசு அசையவில்லை. தொபியாஸ் தட்டைப் பார்க்கும் கண்ணுக்குக் கண்ணாடி போடவேண்டும் என்று சொன்னேன். அவர் கயிற்றைச் சுருட்டினார்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

யாரும் கடலுக்குப் போகவில்லை. ஊர் முழுக்கக் கோயிலில். நான் குடுவைகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். பிலோமினா பிற்பகல் உப்பில்லாத கஞ்சியும் ஒரு மாங்காய்த் துண்டும் கொண்டுவந்தாள். இந்த ஊரில் ஆளாளுக்கு எனக்குக் கஞ்சி ஊற்றுகிறார்கள். பேசிக்கொண்டிருக்கையில், "வலையில தாழ அறுந்து அறுந்து வருது டீச்சர். கறுத்துப் போய் வருது" என்றாள். ஆறுதலாக என்னவோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ஏப்ரல் 18, சனி

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கிவிட்டது. "இழுவைப் படகு நின்னா தண்ணி மூணே நாள்ல தெளிஞ்சிரும். வருசா வருசம் அப்பிடித்தான்" என்றார் தொபியாஸ். இன்று தட்டு 80 சென்டிமீட்டர். தெளியவில்லை.

மார்ச், ஏப்ரல் சேர்த்துத் தாள்களின் சராசரி 43. பிப்ரவரியில் 41. இரண்டு மில்லிகிராம் வித்தியாசத்தை வித்தியாசம் என்றே சொல்லமுடியாது. எண்களை டாக்டருக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 20, திங்கள்

டாக்டர் போன் செய்தார். குரலில் வெல்லம்.

"பிரமாதம் புனிதவதி. தெளிவான முடிவு. அறிக்கையை இன்னிக்கே அனுப்பிட்டேன். அந்தத் தட்டு அளவையெல்லாம் சேக்கல. பாத்துச் சொன்னது மீனவர், அவர் இதுல சம்பந்தப்பட்ட ஆள். கேள்வி வரும்."

நானும் அதைத்தான் நினைத்தேன் என்றேன். மூன்று வருஷ நீட்டிப்புக்குக் கோப்பு போட்டுவிட்டாராம். சந்தோஷத்தில் பாயசம் வைத்தேன். மரைக்காயர் வீட்டுக்கு ஒரு பாத்திரம், பிலோமினா வீட்டுக்கு ஒரு பாத்திரம்.

கம்பெனி இங்கேயே கொட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அறிக்கையின் பொருள் என்று பாயசம் கொடுக்கும்போது சொல்லவில்லை. நல்ல நாளில் எதற்கு?

ஏப்ரல் 22, புதன்

பிலோமினா பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மாடிக்கு வந்தாள். பாத்திரத்துக்குள் நான்கு மாம்பழம். நான் தாள்களை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எடை போட்ட ஒவ்வொரு தாளையும் மூடியுள்ள சின்னக் கண்ணாடித் தட்டில் போட்டுத் தேதி எழுதி வைப்பது என் வழக்கம். மேல் வரிசையில் பிப்ரவரி, கீழ் வரிசையில் ஏப்ரல்.

அறிக்கை விஷயம் ஊருக்கு வந்துவிட்டது. அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது ரெண்டும் ஒரே எடையா டீச்சர்?"

"கிட்டத்தட்ட."

"மேல உள்ளது பிஸ்கோத்து மாதிரி வெளுத்துக் கெடக்கு. கீழ உள்ளது டீத்தூள் மாதிரி இருக்கு. சேறுதான் எடைன்னா, இந்த வெளுத்ததுல எடை எங்கேருந்து வந்துச்சு?"

நிறத்தை வைத்து எடையைச் சொல்லமுடியாது, அதற்குத்தான் தராசு என்று விளக்க ஆரம்பித்தேன். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவள் ஒரு மூடியைத் திறந்து, பிப்ரவரி 13-ஆம் தேதி மூன்றாவது இடத்துத் தாளை எடுத்து, ஓரத்தில் நாக்கை வைத்துவிட்டாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ மாணவர்களைத் திட்டியிருக்கிறேன். ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்காதே என்று நான் போட்ட சத்தத்தில் கீழே மரைக்காயர் எழுந்து வந்துவிட்டார். அவள் அசரவில்லை. ஏப்ரல் தாள் ஒன்றையும் நக்கினாள். சேறு ஒட்டிய நாக்கை முந்தானையில் துடைத்தாள்.

"கீழ உள்ளதுல மண்ணு. மேல உள்ளதுல உப்பு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, சந்தையில் யாருக்கும் கேட்காமல் சொல்வது போல, "உப்பத் தட்டாம எடை போட்டுட்டியளா டீச்சர்?" என்று கேட்டாள்.

மாம்பழம் நல்ல இனிப்பு.

ஏப்ரல் 23, வியாழன்

தலைவலி. அலமாரியைத் துடைத்தேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

நியாயமாகப் பார்த்தால் சென்னைக்காரர்கள் முதலிலேயே ஐந்து கேன் கொடுத்திருக்கவேண்டும். மரைக்காயரும் அடுத்த வாரம் என்றுதான் சொன்னார். இன்வெர்ட்டரை ஒழுங்காகப் பராமரிக்கிற வீட்டில் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. ரசத்தில் புளி அதிகமாகிவிட்டது.

ஏப்ரல் 26, ஞாயிறு

ஒரே ஒரு தாளைக் கழுவினேன், சும்மா பார்க்க. பிப்ரவரி 13, மூன்றாவது இடம். அவள் நக்கியதால் அது எப்படியும் கெட்டுப்போன தாள். மூன்று முறை கழுவி, உலர்த்தி, எடை போட்டேன். 41 என்று இருந்தது 14 ஆகிவிட்டது.

ஒரு தாளை வைத்து எதுவும் சொல்லமுடியாது.

ஏப்ரல் 28, செவ்வாய்

பத்துத் தாள். சராசரி 14.

பத்துத் தாளை வைத்தும் எதுவும் சொல்லமுடியாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என் பேனாவே எழுத மறுக்கிறது.

மே 2, சனி

இருபது தாள் கழுவியாயிற்று. சராசரி 14. பிறகு ஏப்ரல் தாள்களில் பத்தை எடுத்து அவற்றையும் கழுவினேன், ஒருவேளை எல்லாமே இறங்கினால் பிழைத்துக்கொள்ளலாமே என்று. அவை இறங்கவில்லை. 43-ஆகவே உட்கார்ந்திருந்தன. அவைதான் முதலிலேயே கழுவப்பட்டவை ஆயிற்றே.

எழுதிவிடுகிறேன். பிப்ரவரியில் கடல் 14. ஏப்ரலில் 43. மூன்று மடங்கு. தட்டு சொன்னது சரி. தொபியாஸின் கண் சரி. கடல் தண்ணீரை வடிகட்டினால் ஈரத் தாளில் உப்பு நிற்கும், காய்ந்தால் எடையில் ஏறும் என்பது ப்ளஸ் டூ பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எனக்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்ட பெருமை ஒரு பக்கம், பேட்டரிக் கடைக்குப் போகாத பெருமை ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் உப்பு காய்ந்தது.

இன்னும் இருபது பிப்ரவரித் தாள் மிச்சம் இருக்கிறது. அவற்றைத் தொடவில்லை. நான் கழுவியதை நானே நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்? வேறு யாராவது கழுவட்டும்.

கழுவிய தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. கண்ணாடிக் குடுவையில் சேர்த்து அடுப்பில் வற்றவைத்தேன். அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் தங்கியது. சுரண்டி எடை போட்டேன். கால் கிராமுக்குச் சற்று மேல். ஒரு சிட்டிகை கூட இல்லை.

மே 5, செவ்வாய்

டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

"புனிதவதி, அறிக்கை போயாச்சு. என் கையெழுத்துல போயிருக்கு. இப்போ திருத்தம்னா, நாம வேலையே தெரியாத ஆளுங்கனு ஆயிடும். கூட்டம் முடியட்டும். அக்டோபர்ல திரும்ப அளக்கறப்போ சரி பண்ணிக்கலாம். நீங்கதானே அப்பவும் இருக்கப்போறீங்க?"

கெட்ட மனிதர் இல்லை. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், பத்திரிகை எனக்கும் வந்தது. அக்டோபருக்குள் தாழை என்ன ஆகும் என்று கேட்டேன். அவருக்குத் தாழை என்றால் என்னவென்று புரியவில்லை. தாழம்பூவா என்றார்.

மே 9, சனி

சந்தைக்குப் போகவில்லை. பிலோமினா முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும். வெறும் மோர்சோறு.

மே 11, திங்கள்

அவளே வந்தாள். படியில் நின்றபடி, "கூட்டத்துக்கு வாறியளா டீச்சர்?" என்று கேட்டாள்.

"போகணுமான்னு யோசிக்கிறேன்."

"வேல போயிருமோ?"

"போயிரும்னுதான் நினைக்கிறேன்."

கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே, "பக்கத்துக் கடைக்காரி தட்டாமப் போடுறதுக்கு ஒரே காரணந்தான். அவ மூணு புள்ளைய வச்சிருக்கா. அவளக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. ஒங்களயும் சொல்ல மாட்டேன்" என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

அவள் திட்டியிருக்கலாம். தூங்கியிருப்பேன்.

மே 14, வியாழன்

கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில், பந்தல் போட்டு. முந்நூறு பேர் இருக்கும். மேடையில் ஓர் அதிகாரி, கம்பெனியின் ஆலோசகர், பிளாஸ்டிக் பூங்கொத்து. டாக்டர் வரவில்லை, அறிக்கை வந்திருந்தது. ஆலோசகர் அதை வாசித்தார். "முன்பு நாற்பத்தொன்று, பின்பு நாற்பத்து மூன்று. கலங்கலில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை." தொபியாஸ் எழுந்து தண்ணீர் கறுத்துவிட்டது என்றார். ஆலோசகர் மரியாதையாகவே பதில் சொன்னார், "ஐயா, உங்க உணர்வு புரியுது. ஆனா எண்ணு வேற சொல்லுதே." தொபியாஸ் உட்கார்ந்துவிட்டார். நான் இரண்டு மாதமாக அவருக்குச் சொன்ன அதே பதில். அதைக் கேட்டதும் என் கால் தானாக எழுந்துவிட்டது.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நேற்று முழுக்க எழுதித் தயார் செய்த தாள் பையில் இருந்தது. கரைந்த உப்பு, தங்கிய ஈரம், வடிதாளின் கொள்ளளவு என்று இரண்டு பக்கம். எடுத்தேன். எழுத்து எதுவும் கண்ணில் ஒட்டவில்லை. கூட்டத்தைப் பார்த்தேன். முன்வரிசையில் சந்தைக்காரிகள் உட்கார்ந்திருந்தார்கள், பிலோமினா, அவள் பக்கத்துக் கடைக்காரி, எல்லாரும்.

"அந்த எண்ணை எடை போட்டது நான்தான்" என்றேன். "பிப்ரவரி மாசத்து எடையை உப்பைத் தட்டாமப் போட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னேன். பந்தல் முழுக்க ஒரு "ஆ" எழுந்தது. பின்வரிசைக் கிழவர் வரைக்கும் புரிந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். மேடையில்தான் யாருக்கும் புரியவில்லை. ஆலோசகர் அதிகாரியைப் பார்த்தார், அதிகாரி என்னைப் பார்த்தார். அவர்களுக்கு மட்டும் அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். முன்பு பதினான்கு, இப்போது நாற்பத்து மூன்று.

ஆலோசகர் கேட்டார், "ஒரு தடவை தப்பா எடை போட்டவங்க இப்போ சரியா போட்டிருக்காங்கனு எப்படி நம்புறது?"

நல்ல கேள்வி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன். கழுவாத இருபது தாளையும் மேசையில் வைத்தேன். "என்னை நம்ப வேண்டாம். இதை முத்திரை வச்சு எந்த ஆய்வகத்துக்கு வேணும்னாலும் அனுப்புங்க. கழுவி எடை போடட்டும்."

"இந்தத் தப்பு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார் அதிகாரி.

இதற்குப் பதில் எழுதி வைத்திருக்கவில்லை. "கருவாட்டுக்கார அம்மா ஒருத்தங்க நாக்குல வச்சுப் பாத்தாங்க" என்றேன். பந்தலே சிரித்தது. பிலோமினா முந்தானைக்குள் போய்விட்டாள். நான் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து அந்தக் கால் கிராம் உப்பை மேசையில் வைத்தேன். "இருபது தாள்ல இருந்தது இவ்வளவுதாங்க. இதுக்குப் பின்னாலதான் இவங்க கடல் கலங்கினது தெரியாமப் போச்சு."

அதிகாரி பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளித்து, உதவியாளரிடம் தண்ணீர் கேட்டார். அப்புறம் ஆலோசகர் பக்கம் பொட்டலத்தை நகர்த்தினார்.

மே 15, வெள்ளி

டாக்டர் போன் செய்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நீங்க அஞ்சாம் தேதியே எங்கிட்ட சொன்னதை அங்க சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். சொல்லவில்லை என்றேன். பெருமூச்சு விட்டார். அறிக்கையைத் திரும்பப் பெற்றுத் திருத்தம் அனுப்புகிறாராம். நீட்டிப்புக் கோப்பையும் திரும்பப் பெறுகிறாராம். கல்யாணத்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றார்.

ஜூன் 9, செவ்வாய்

வேறோர் ஆய்வகத்தில் இருபது தாளையும் கழுவி எடை போட்டுவிட்டார்கள். சராசரி 13.8. நேற்று உத்தரவு வந்தது. மண்ணைப் பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளி ஆழத்தில்தான் கொட்டவேண்டும். மேற்கொண்டு வாருவதானால் நண்டு குஞ்சு பொரிக்கும் மாதங்களில் நிறுத்தவேண்டும். உத்தரவைத் தொபியாஸ் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். திருப்பூர் பேச்சு எழவில்லை.

காலையில் கடைசி முறையாகப் படகில் போனேன். தட்டை நானே குனிந்து பார்த்தேன். வயிறு புரண்டது, பரவாயில்லை. கூட்டத்துக்குப் பிறகு, உத்தரவு வரும்வரை என்று கொட்டுவதை நிறுத்திவைத்து மூன்று வாரம்தான் ஆகிறது. 1 மீட்டர் 30-இல் மறைந்தது. "ஒண்ணு முப்பதா?" என்று தொபியாஸிடம் கேட்டேன். "ஒண்ணு இருவத்தஞ்சு" என்றார். அவர் சொன்னதையே எழுதினேன்.

வந்தால் மாடியில் மரைக்காயர் நிற்கிறார், கையில் ஐந்து லிட்டர் கேன். பேட்டரிக் கடைத் தண்ணீர். "அடுத்த வாரம்னு சொன்னேன், கொஞ்சம் தள்ளிப் போயிருச்சும்மா" என்றார், கண்ணைப் பார்க்காமல். விஷயம் அவருக்கும் எட்டியிருக்கிறது. தவறு என்னுடையது, உங்களுடையது அல்ல, நீங்கள் இருட்டில் சாப்பிட்டிருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும் என்றேன். அக்டோபரில் புதிதாக ஒருவர் வருவார். கேனில் ஒரு சீட்டு ஒட்டினேன்: இது தாள் கழுவ மட்டும். யார் கேட்டாலும் தரவேண்டாம், நோன்பானாலும்.

ஜூன் 10, புதன், பஸ்ஸில்

தராசு லாரியில் போகிறது, நிறுவனத்துக்குச் சொந்தமானது. மடி வெறுமையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பிலோமினா விடவில்லை. பஸ் நிற்குமிடத்துக்கே தன் கடைத் தராசோடு வந்தாள். நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ. ஒவ்வொரு பிடியாக எடுத்து, உள்ளங்கையில் தட்டித் தட்டி, உப்பை உதிர்த்து எடை போட்டாள். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். அவள் அவசரப்படவில்லை.

"நான் சாப்பிட மாட்டேனே பிலோமினா."

"தெரியும். சாப்புடாட்டி என்னா டீச்சர், எடை சரியா இருக்கும்."

பஸ் கிளம்பிய பிறகு அழுதேன். வேலைக்காக இல்லை; அது போய் நாளாயிற்று. பட்டுக்கோட்டை தாண்டியதும் பக்கத்து சீட்டுப் பெரியவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "மடியில என்னம்மா அது?" என்று கேட்டார்.

"ஒரு கிலோ" என்றேன். "உப்பைத் தட்டிப் போட்டது."